சோடாபுட்டிக் கண்ணாடி போடுபவரா? லென்ஸ் பவரில் கவனம்!

"டாக்டர், புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா முன்னேயெல்லாம் கண்ணாடியைக் கழற்றிட்டு, மூக்குக்கிட்ட வெச்சுப் பொடி எழுத்தைக்கூடப் படிச்சுடுவேன். இப்ப கண்ணாடி இல்லாம கிட்டேயும் தெரியல, தூரமும் தெரியல!"

மூட்டுவலித் தைலம் வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் புலம்பல் இது. சிறு வயதிலிருந்தே மைனஸ் 10 கண்ணாடி. ஆபரேஷனில் தவறில்லை. உள்ளே வைத்த லென்ஸின் பவர் கொஞ்சம் குறைந்துவிட்டது. மைனஸ் கண் பிளஸ் கண்ணாகிவிட்டது.

ஏன் இப்படி? சாதாரணக் கண்ணின் நீளம் சுமார் 23.5 மில்லிமீட்டர். கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு 26-க்கு மேல். சிலருக்கு 30-ஐயும் தாண்டும். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, ஒரு ஃபார்முலாவில் போட்டுத்தான் லென்ஸ் பவரை முடிவு செய்கிறார்கள். சாதாரணக் கண்ணுக்குச் சுமார் 20 பவர் என்றால், நீளக் கண்ணுக்கு 10, 5 என்று இறங்கும்.

தப்பு நுழையும் வாசல்கள் இரண்டு.

ஒன்று, அளவு. நீண்ட கண்ணின் பின்சுவர் சிலருக்குப் பை மாதிரி புடைத்திருக்கும். அல்ட்ராசவுண்டில் அளக்கும்போது, பார்வை மையத்தை விட்டுவிட்டுப் பையின் அடிவரை அளந்துவிடலாம். 1999-ல் வந்த ஒளிக்கதிர் அளவுக் கருவியில், நோயாளி வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் பார்வை மையம் வரை சரியாக அளக்க முடிகிறது.

இரண்டு, ஃபார்முலா. பழைய ஃபார்முலாக்கள் நடுத்தரக் கண்களுக்குத் தைத்த சட்டை. நெட்டையருக்குப் போட்டால் கை குட்டையாகத்தானே இருக்கும்? இந்தக் குறையைச் சரிக்கட்ட அமெரிக்காவின் வாங், கோக் இருவரும் 2011-ல் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கிரஹாம் பாரெட் உருவாக்கிய ஃபார்முலாவும் நீளக் கண்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆபரேஷனுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது:

* கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் அளவெடுக்கும் முன் நிறுத்திவிடுங்கள். மென்மையானது என்றால் ஒரு வாரமாவது. கடினமானது என்றால் இன்னும் சில வாரங்கள். லேசிக் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

* "ஒளிக்கருவியில் அளந்தீர்களா? நீளக் கண்ணுக்கு ஏற்ற ஃபார்முலாவா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

* கண்ணாடி இல்லாமல் படிக்கும் பழக்கம் உண்டா? சொல்லுங்கள். மைனஸ் 2, 3 மிச்சம் இருக்கும்படி லென்ஸைத் தேர்ந்தெடுக்கலாம்.

* முதல் கண்ணின் பலனைப் பார்த்து, அடுத்த கண்ணின் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு மின்னல் வெட்டு, புதிதாகக் கரும்புள்ளிகள், திரை விழுந்த மாதிரி மறைப்பு இருந்தால், அன்றே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். விழித்திரை விலகும் அபாயம் உங்களுக்குச் சற்று அதிகம்.

"புரையைக் கரைக்க ஒரு சொட்டு மருந்து கொடுங்களேன்" என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: பார்வையை மறைக்கும் புரைக்கு ஆபரேஷன்தான் வழி. தள்ளிப்போட்டுப் புரை முற்றினால், ஒளிக்கருவியின் கதிரும் உள்ளே போகாது, அளவெடுப்பதே சிரமமாகிவிடும்.

நம் ஆசிரியர் இரண்டாவது கண்ணுக்கு இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் படுத்தார். இப்போது அந்தக் கண்ணால், கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்!