நெய்த்துளியில் தொங்கிய விழுதுகள்

மும்பையில் பரேல் பக்கம் கே.இ.எம். மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்களா? அதற்கு அருகிலேயே ஒரு பழைய பெரிய வளாகம் இருக்கிறது. பெயர், ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட். யார் அந்த ஹாஃப்கின்?

வால்டெமார் ஹாஃப்கின் 1860இல் கருங்கடல் ஓரத்து ஒதெசா நகரில் பிறந்தவர். படித்தது விலங்கியல். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது நூலக வேலைதான். மீதி நேரமெல்லாம் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

தேங்கிய நீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், செருப்பு வடிவத்தில் ஓர் உயிர் நீந்தும். அதுதான் பாரமீசியம். அதன் உடம்பு முழுவதும் ஒரே ஒரு செல். 'இத்துணூண்டு உயிருக்கும் உடம்புக்கு முடியாமல் போகுமா?' என்று கேட்டுக்கொண்டார் ஹாஃப்கின். பொறுமையாகப் பார்த்துப் பார்த்து, போகும் என்று கண்டுபிடித்தார். அதன் உட்கருவுக்குள்ளேயே பாக்டீரியா புகுந்து பெருகியிருந்தது! 1890இல் அந்த ஒட்டுண்ணிக்கு ஹோலோஸ்போரா என்று பெயர் வைத்தார்.

அடுத்து மனிதரின் தொற்றுநோய்களுக்கு வந்தார். 1892இல் காலராவுக்குத் தடுப்பூசி செய்து, முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1893இல் இந்தியா வந்து, ஊர் ஊராகப் போய் அந்த ஊசியைப் போட்டார்.

1896இல் பம்பாயின் (இன்றைய மும்பையின்) மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொதிக்கும், சில நாளில் உயிர் போய்விடும். மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். ஹாஃப்கின் அந்த ஊருக்குள் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கிடைத்தன. உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள்.

கிருமியை நிறைய வளர்த்தால்தான் தடுப்பூசி செய்ய முடியும். கண்ணாடிக் குடுவையில் இறைச்சிச் சாறு ஊற்றி, மேலே சில சொட்டு நெய் விட்டார் ஹாஃப்கின். ஆமாம், நம் வீட்டு நெய்தான்! ரசத்தில் நெய் வட்டம் வட்டமாக மிதக்குமே, அதேபோல் மிதந்தது. பிளேக் கிருமிகள் அந்த நெய்த்துளிகளைப் பிடித்துக்கொண்டு, ஆலமரத்து விழுதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தன. குடுவை லேசாக ஆடினாலும் விழுதுகள் உதிர்ந்துவிடும். அதனால் அசையாமல் வைத்திருப்பார். நன்றாக வளர்ந்ததும் அவரே குலுக்கி உதிர்ப்பார். உடனே புது விழுதுகள் இறங்கத் தொடங்கும். சில வாரங்கள் இப்படி வளர்த்தபின், சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றார்.

செத்த கிருமியால் என்ன பயன்? அது நோயைத் தராது. ஆனால் நம் உடம்பு அதன் அடையாளத்தைப் பழகிக்கொள்ளும். உயிருள்ள கிருமி வரும்போது எதிர்க்கத் தயாராக இருக்கும்.

1897 ஜனவரி 10. மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் ஹாஃப்கின் தன் உடம்பில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்து, பிறகு விட்டன. அதன் பிறகுதான் பைகுல்லா சிறையில் இருந்தவர்களுக்குப் போடப்பட்டது.

பிளேக் எப்படிப் பரவுகிறது என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை. 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் விடை கண்டார். எலியின் இரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சிதான் கிருமியைச் சுமக்கிறது! எலி செத்ததும் அது வேறு உடம்பைத் தேடித் தாவும். பின்னர் பம்பாயில் நடந்த சோதனைகளும் இதை உறுதிசெய்தன.

ஹாஃப்கினுக்குச் சோதனையும் வந்தது. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தார்கள். பழி அவர்மேல் விழுந்தது, பதவி போனது. தவறு அவருடைய ஆய்வகத்தில் நடந்ததல்ல என்று அறிவியலாளர்கள் வாதாடினார்கள். கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்ட் ராஸும் அவர்களில் ஒருவர். 1907இல் பழி நீங்கியது. 1925இல், பரேலில் இருந்த அவருடைய பழைய ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

உங்கள் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு, தேங்கிய நீர் ஒரு சொட்டைப் பாருங்கள். பார்த்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செருப்பு வடிவ உயிர் நீந்தி வந்தால், உடனே கண்ணை எடுத்துவிடாதீர்கள். பம்பாய்க்குத் தடுப்பூசி தந்தவர் தன் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் அதைத்தான் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.