மாயவரம் முன்சீப்

நீங்கள் எப்போதாவது கோர்ட்டுப் படி ஏறியதுண்டா? கமுந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய என் தகப்பனார் ஒருமுறை ஏறினார். சைக்கிளில் விளக்கில்லை என்பது குற்றம். நீதிபதி பேசினார், போலீஸ்காரர் பேசினார். அப்பாவுக்கு விளங்கியதோ, கடைசியில் மொழிபெயர்ப்பாளர் சொன்ன அபராதத் தொகை மட்டுந்தான். “என்னைப் பற்றித்தான் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்றுதான் தெரியவில்லை” என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் என் நினைவுக்கு வருகிறார்.

திருச்சி மாவட்டம் குளத்தூரில் 1826-ல் பிறந்தவர் அவர். வெள்ளைக்காரன் ஆட்சி. திருச்சி கோர்ட்டில் முதலில் பத்திரங்களைக் காக்கும் வேலை, பிறகு மொழிபெயர்ப்பாளர். நீதிபதிக்கும் குடியானவனுக்கும் நடுவில் நின்று, இவன் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை இவனுக்கும் சொல்லும் உத்தியோகம். ஒரு சொல் பிசகினால் ஒருவனுடைய நிலமே போய்விடும் அல்லவா? கோர்ட்டில் தமிழனின் தவிப்பை அங்கேதான் அவர் நேரில் கண்டிருக்க வேண்டும்.

1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். முன்சீப் என்றால் கடன், நிலத் தகராறு போன்ற வழக்குகளைக் கேட்கும் கீழ்க்கோர்ட்டு நீதிபதி. சீர்காழியிலும் இருந்து, பின்னர் மாயவரத்தில் நீண்ட காலம் நீதி வழங்கினார். ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பெரிய பதவியல்ல. ஆனால் அதில் இருந்துகொண்டு அவர் செய்த காரியம் பெரிது. சென்னையிலிருந்த மேல்முறையீட்டுக் கோர்ட்டின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் கிடந்தன. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் புத்தகமாக வெளியிட்டார். பகலெல்லாம் வழக்குக் கேட்டவர் இதற்கு எங்கே நேரம் கண்டார்! பாடக் குறிப்பு எழுதவே சோம்பும் என்னைப் போன்றவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் முன்னோரைக் கப்பலேற்றியதில் பஞ்சங்களுக்கும் பங்குண்டு. அப்போது உத்தியோகத்தை விட்டிருந்த பிள்ளை, கைப்பொருளைச் செலவிட்டு மாயவரத்தில் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் புகழ்ந்து பாடினார்.

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் அவர் எழுதி வந்ததுதான். சிரித்துக்கொண்டே படிக்கலாம். அதில் ஓரிடத்தில் கோர்ட்டுகளையும் ஒரு பிடி பிடிக்கிறார்: நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், வழக்காடுபவனும் தமிழன், அப்படியிருக்க ஆங்கிலத்தில் வாதாடுவானேன் என்று. வெளியாள் சொன்ன குறையல்ல. நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவரே சொன்னது. 1889-ல் அவர் காலமானார்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பகுதியை ஒருநாள் சாயங்காலம் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“அந்த ஐயா எந்தக் கோர்ட்டில் இருந்தாரப்பா?”