நிற்கிறது, விலையாகிறது, தகும்: ஒரு ஸ்லோவாக் தொடர்

ஒரு படத்தைப் பார்க்கலாமா, ஒரு மலையேறலாமா என்று ஸ்லோவாக்கியாவில் கேட்டால், நல்லதென்றால் ‘ஸ்தொயீ ஸ தொ’ என்பார்கள். ‘தகும், பட்ட பாடு வீண்போகாது’ என்று பொருள். இதை உடைத்துப் படிப்பவர் திணறுவார். ‘ஸ்தொயீ’ என்பது ‘நிற்கிறது’. ‘இது என்ன விலை?’ என்று கடையில் கேட்கவும் அதே வினைதான். ‘ஸ’ என்ற முன்னிடைச்சொல்லுக்கோ ‘பின்னால்’, ‘பதிலாக’ எனப் பல பொருள்கள். ஆகவே இத்தொடரை முதலில் முழுசாக மனத்தில் ஏற்றி, பிறகு பிரித்துப் பார்ப்பதே சரியான வழி.

அது கிளிப்பிள்ளைப் பாடமல்லவா, இலக்கணம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, வேற்றுமையைக் கோட்டைவிட்டால் பொருளே மாறிவிடும். ‘தொ’ இரண்டாம் வேற்றுமை. அதைக் கருவி வேற்றுமையாக்கி ‘ஸ தீம்’ என்றால், ‘அதன் பின்னால் நிற்கிறது’ என்றாகிவிடும். ஒரு காரியத்தின் பின்னணியில் இருப்பது யார் என்று கேட்கும் தொடர் அது. ஆனால் இந்த நுட்பம் உறைப்பதே முழுத்தொடர் நாவில் பழகிய பிறகுதான். பழகிவிட்டால் கிளைகள் தாமே வரும்: முன்னால் ‘நெ’ சேர்த்தால் ‘தகாது’, ‘தொ’வை எடுத்துவிட்டு ‘கவனம்’ என்ற சொல்லை வைத்தால் ‘கவனிக்கத்தக்கது’. வெறும் விதியை மனப்பாடம் செய்தவருக்கு இந்தச் சரளம் எளிதில் வாய்ப்பதில்லை. லாபக் கணக்குத் தொனிக்கும் ‘ஒப்லத்யீ ஸ’ என்ற மாற்றும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் முதலில் ‘ஸ்தொயீ ஸ தொ’வையே பிடித்துக்கொள்ளுங்கள்.