தொலைக்காட்சிப் பதிவுக் கருவி: வாங்கும் முன் ஒரு கேள்வி

எதையும் எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துக் கொள்ளலாம் என்ற எண்ணம் இன்றைய மாணவர்களிடையே வேரூன்றி விட்டது. யூடியூப் இருக்கும்போது பதிவுக் கருவி எதற்கு என்று என் வகுப்புத் தோழர்களே கேட்கிறார்கள். தமிழகத்துத் திரைப்படங்களைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. நம் நாட்டுத் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அது பொருந்தாது. பல ஆண்டுகளுக்கு முன் டிவி2-இல் ஒளியேறிய ஒரு தமிழ் நாடகத்தையோ, மாணவர் சொற்போரையோ, ஏதோ ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைப் பற்றிய பத்து நிமிடத் தொகுப்பையோ தேடிப் பாருங்கள். சில கிடைக்கும், பல கிடைக்கமாட்டா. கிடைப்பவற்றிலும் பல, யாரோ ஒருவர் தம் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்து பின்னர் இணையத்தில் ஏற்றியவையே.

ஆகவே பதிவுக் கருவி இன்னும் தேவைதான். எதை வாங்குவது என்பதே சிக்கல்.

கடைக்குச் சென்றால் எத்தனை மணி நேரம் பதிவாகும், படம் எவ்வளவு தெளிவாக இருக்கும், விலை எவ்வளவு என்று பேச்சு போகும். இவையெல்லாம் கேட்க வேண்டியவைதாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பதிவு செய்ததை அந்தக் கருவியை விட்டு வெளியே எடுக்க முடியுமா? விற்பனையாளர் இதைத் தாமாகச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொண்டிருந்தபோது தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றில் என் தாத்தா தோன்றினார். பால் மரம் வெட்டிய காலத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருப்பார். சந்தா கட்டிப் பார்க்கும் பெட்டியில் அதைப் பதிவு செய்து வைத்திருந்தோம். வருவோர் போவோருக்கெல்லாம் போட்டுக் காட்டுவோம். தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெட்டி பழுதானது. வந்த பணியாளர் புதிய பெட்டியைப் பொருத்திவிட்டுப் பழையதை எடுத்துச் சென்றார். உள்ளே இருக்கும் பதிவை மாற்றித் தர முடியுமா என்று அம்மா கேட்டதற்கு, “அதெல்லாம் முடியாதுங்க அக்கா” என்பதுதான் பதில். அந்தப் பணியாளர்மேல் குற்றமில்லை. உண்மையிலேயே முடியாது.

ஏன் முடியாது? சந்தாப் பெட்டியில் இருக்கும் வன்தட்டில் நிகழ்ச்சிகள் மறைகுறியிட்டு எழுதப்படுகின்றன. அந்த மறைகுறியைத் திறக்கும் சாவி அதே பெட்டியில் இருக்கிறது. வன்தட்டைக் கழற்றிக் கணினியில் இணைத்தாலும் ஒன்றும் ஓடாது. இப்போது வரும் சில பெட்டிகளில் வன்தட்டே இல்லை. பதிவு நிறுவனத்தின் மேகக் கணினியில் தங்குகிறது. பெட்டி கெட்டாலும் பதிவு பிழைக்கும் என்பது இதில் உள்ள நன்மை. சந்தாவை நிறுத்தினால் பதிவும் போய்விடும் என்பது மறுபக்கம். இன்று தவறவிட்ட தொடரை நாளை பார்ப்பதற்கு இவற்றைவிட வசதியான கருவி இல்லை. பத்தாண்டு கழித்துப் பார்ப்பதற்கு இவை உதவமாட்டா.

இரண்டாவது வகை, தொலைக்காட்சிப் பெட்டியிலேயே இருக்கும் பதிவு வசதி. பின்புறத்து யுஎஸ்பி துளையில் வன்தட்டைச் செருகினால் போதும் என்று விளம்பரம் சொல்லும். இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பதிவைத் தொடங்கும் முன் தொலைக்காட்சி அந்த வன்தட்டை முழுவதுமாக அழித்துத் தன் முறைக்கு மாற்றிக் கொள்ளும் (ஆய்வேடு இருக்கும் வன்தட்டைச் செருகிவிடாதீர்கள்). அடுத்து, பெரும்பாலான பெட்டிகளில் பதிவு அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே பூட்டப்படும். அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியில்கூட ஓடாது.

மூன்றாவது வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 31-உடன் முற்றாக நிறுத்தப்பட்டது. அதன் பிறகு இலவச அலைவரிசைகள் இலக்கவியல் முறையில் வருகின்றன. இதைப் பெறுவதற்கான டிவிபி-டி2 டிகோடர்களில் நூறு வெள்ளிக்கும் குறைவானவை உண்டு. அவற்றுள் பலவற்றில் யுஎஸ்பி துளையும் பதிவு வசதியும் இருக்கின்றன. அலையில் வரும் இலக்கத் தரவை அப்படியே கோப்பாக எழுதுவதால் படத்தின் தரம் குறைவதில்லை. கோப்பின் பெயர் பெரும்பாலும் டிஎஸ் என்று முடியும். கணினியில் விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் அது ஓடும். டிவி2-இன் தமிழ்ச் செய்தியும் தமிழ்த் திரைப்படமும் இவ்வழியாக வீட்டுக்கு வருகின்றன. விண்மீன், வானவில் போன்ற ஆஸ்ட்ரோ அலைவரிசைகள் இதில் வாரா என்பது இதன் குறை.

எல்லா டிகோடர்களும் ஒன்றுபோல் இல்லை. சில மலிவான கருவிகளும் கோப்பைப் பூட்டி விடுகின்றன. எனவே வாங்கும்போதே ஒரு விரலியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கடையில் ஒரு நிமிடம் பதிவு செய்து, மடிக்கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பது எளிய கணக்கு. வினாடிக்கு ஒரு மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்திற்கு 450 மெகாபைட். ஓர் அலைவரிசை 6 மெகாபிட்டில் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 2.7 ஜிகாபைட் ஆகும். 16 ஜிகாபைட் விரலி ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். ஒரு டெராபைட் வன்தட்டில் 350 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். விரலி ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரே கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் பாதியைத் தாண்டியதும் துண்டாகும். சில கருவிகளில் பதிவே நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையைக் கருவி ஏற்குமா என்று பெட்டியின் மேல் பாருங்கள்.

நேரம் குறித்துப் பதிவு செய்வோர் கவனிக்க: டிகோடர் உறக்க நிலையில் இருக்கலாம், மின்சாரம் மட்டும் நிற்கக் கூடாது. நம் வீடுகளில் பாட்டிமார் இடி இடித்தால் முதல் வேலையாக எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி விடுவார்கள். நம் நாட்டு மின்னலுக்கு அது சரியான செயலும்கூட. ஆனால் அன்றைய பதிவு அவ்வளவுதான். நேரலை நிகழ்ச்சிகள் நீளக் கூடும் என்பதால் முடிவு நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டிக் குறிப்பதும் நல்லது.

கணினியோடு பழகியவர்களுக்கு யுஎஸ்பி டியூனர் என்ற சிறு கருவி இருக்கிறது. வீட்டுக் கூரையின் ஏரியலை அதில் செருகினால் மடிக்கணினியே பதிவுக் கருவியாகிவிடும். வாங்கும்போது டிவிபி-டி2 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டிவிபி-டி மட்டும் என்றால் இங்கே பயன்படாது.

எச்டிஎம்ஐ கம்பியிலிருந்து பதிவு செய்யும் கருவிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சந்தாப் பெட்டிகளின் எச்டிஎம்ஐ வழியில் எச்டிசிபி என்ற பூட்டு இருப்பதால் நேர்மையான கருவியில் கருந்திரைதான் வரும். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிபரப்பைச் சொந்த, வீட்டுப் பயனுக்காகப் பதிவு செய்ய இடம் தருகிறது. பூட்டை உடைப்பது வேறு செய்தி. பதிவை இணையத்தில் ஏற்றுவதும் வேறு செய்தி. நான் முன்பு சொன்ன, இணையத்தில் கிடைக்கும் பழைய நாடகங்கள் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். அவை இல்லாவிட்டால் பலவற்றைப் பார்க்கவே முடியாது என்பதும் உண்மை.

டிவிடி பதிவுக் கருவிகள் புதிதாக இங்கே கடைகளில் கிடைப்பது அரிது. பழையதை யாராவது விற்றால், அதன் உள்ளிருக்கும் அனலாக் டியூனர் 2019-க்குப் பிறகு எதையும் பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள். டிகோடரிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை இழுத்து இணைக்க வேண்டும். நேரத்தையும் இரண்டு கருவிகளிலும் தனித்தனியே குறிக்க வேண்டும். புதிய பதிவுகளுக்காக இந்தத் தொல்லை வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் வீட்டில் விஎச்எஸ் ஒளிநாடாக்கள் இருந்தால் அதே பழைய கருவி பொன்னாகும். மூத்த மாணவர்கள் வீட்டு அலமாரிகளில் இவை இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். உலகில் கடைசியாக விஎச்எஸ் கருவிகளைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அவ்வேலையை நிறுத்தியது. ஓடும் கருவிகள் குறைந்து கொண்டே வருகின்றன. நாடாவோ நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கிறது. நாடாவின் சன்னல் வழியே பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கருவிக்குள் போடாதீர்கள். கருவியின் தலை கெடும், அடுத்து போடும் நாடாவுக்கும் பூஞ்சை தொற்றும். சுத்தமான நாடா என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளோடு ஒரு யுஎஸ்பி பதிப்பி வழியாகக் கணினிக்கு மாற்றலாம். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரமே ஆகும், விரைவுபடுத்த வழியில்லை.

மாற்றியதை இரண்டு இடங்களில் வையுங்கள், அவற்றுள் ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், அலைவரிசை, நிகழ்ச்சி ஆகியவற்றை எழுதுங்கள். “நாடா 3” என்று பெயரிட்டால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் விளங்காது.

மன்ற அறையில் யுஎஸ்பி பதிப்பியும் ஒரு கணினியும் தயாராக உள்ளன. இல்லாதது ஓடும் நிலையிலுள்ள விஎச்எஸ் கருவி மட்டுமே. வைத்திருக்கும் மூத்த மாணவர்கள் அதை ஒரு விடுமுறைக் காலத்திற்குக் கடனாகத் தந்தால், அவர்களின் நாடாக்களை முதலில் மாற்றித் தருகிறோம்.