முன்பாரம், பின்பாரம்: ட்ராக் டே ட்ரெய்லர் வாங்கிய கதை

ரேஸ் ட்ராக்கை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்ப்பதுதான் ட்ராக் டே. போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. இருபது நிமிடம் வீதம் நாலைந்து தடவை ஓட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அந்த "வீடு திரும்புவது"தான் சிக்கல். ஃப்ரீமான்ட்டிலிருந்து வில்லோஸ் பக்கம் இருக்கும் தண்டர்ஹில் ட்ராக்குக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் பழைய மியாட்டாவை அங்கே ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே வந்தேன், ஒருநாள் மதியம் கிளட்ச் போகும் வரை. அன்றைக்கு டோ ட்ரக்குக்குக் கொடுத்த காசு இன்னும் வயிற்றைக் கலக்குது. அதற்கப்புறம்தான் ட்ரெய்லர் ஆராய்ச்சி.

பலரும் முதலில் ட்ரெய்லரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இழுக்கிற வண்டியை. எங்கள் வீட்டில் இருப்பது வி6 ஹைலேண்டர். இழுவை வரம்பு 5,000 பவுண்டு, ஹிட்ச் மேல் உட்காரும் எடைக்கு வரம்பு 500. கணக்கு எளிது: மியாட்டா 2,300, இரும்பு ட்ரெய்லர் 1,900, நாலு சக்கரம், ஜாக், டூல்பாக்ஸ், பெட்ரோல் கேன் எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 4,500. மூடிய பெட்டி ட்ரெய்லர் அழகுதான், மழைக்கும் திருட்டுக்கும் நல்லது. ஆனால் காலியாகவே 3,500 பவுண்டுக்கு மேல் வரும், காற்றையும் முழுசாக வாங்கும். பிக்கப் ட்ரக் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். எனக்குத் திறந்த ட்ரெய்லர்தான்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் போகிறீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம், யு-ஹாலில் கார் ட்ரெய்லர் வாடகைக்குக் கிடைக்கும். அது காலியாக 2,210 பவுண்டு, 5,290 வரை ஏற்றலாம். நிறுத்தி வைக்க இடம் தேடும் தலைவலியும் இல்லை.

வாங்குவதென்றால் இரண்டு அச்சு இருக்கட்டும். அச்சுக்கு 3,500 வீதம் 7,000 பவுண்டு தாங்கும், ஒரு டயர் வெடித்தாலும் சமாளிக்கலாம். எலக்ட்ரிக் பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் மொத்த எடை 3,000 பவுண்டை எட்டினாலே இந்த மாதிரி ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். ட்ரெய்லர் கழன்று போனால் தானாகப் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே பேட்டரியையும் சோதியுங்கள். பழைய ட்ரெய்லர்களில் பெரும்பாலும் அது செத்துக் கிடக்கும். ஹிட்ச் பந்து 2 அங்குலமா 2 5/16 அங்குலமா என்பதையும் பாருங்கள். பெரிய கப்ளர் சின்னப் பந்தின் மேல் உட்கார்ந்தது போலவே தெரியும், ஒரு பள்ளத்தில் கழன்றுவிடும்.

டயரில் எஸ்டி என்று போட்டிருக்க வேண்டும், அது ட்ரெய்லருக்கான ரகம். ட்ரெட் புதுசாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டு எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். ஐந்தாறு வருஷம் வெயிலில் நின்ற டயரை நான் நம்புவதில்லை. இன்னொன்று, மியாட்டா மாதிரி தாழ்ந்த காரை ஏற்றியபின் கதவு ட்ரெய்லரின் ஃபெண்டரில் இடிக்கும். ஜன்னல் வழியாக வெளியே வருவது நாற்பது வயதில் வேடிக்கை இல்லை. கழற்றக்கூடிய ஃபெண்டர் இருந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குங்கள்.

காரைக் கட்ட 2 அங்குல ராட்சட் ஸ்ட்ராப் நாலு. அதில் 10,000 என்று போட்டிருப்பது அறுந்துபோகும் எடை. நம்பிக் கட்டக்கூடியது 3,333தான். நான் சேஸிஸில் கட்டாமல் சக்கரத்தைச் சுற்றிக் கட்டுகிறேன். அப்போது சஸ்பென்ஷன் தன்பாட்டுக்கு ஆடும், ஸ்ட்ராப் தளராது. எப்படிக் கட்டினாலும் இருபது மைல் போனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் நான் ஒரு தப்பு பண்ணினேன். அன்று மனைவியும் மகளும் கூட வந்திருந்தார்கள். மாலை இருட்டும் நேரம், எல்லாருக்கும் அசதி. காரை வழக்கமான இடத்துக்கு ஒரு அடி முன்னாலேயே நிறுத்திவிட்டேன். போகும்போது முன்பக்க ராக்கில் இருந்த சக்கரங்களையும் ஜாக்கையும் காருக்குப் பின்னால் தூக்கிப் போட்டேன். ஐ-5 நெடுஞ்சாலையில் வில்லியம்ஸ் தாண்டி ஒரு லாரியை முந்தினேன். 55தான் சட்டம், நான் 65ல் இருந்தேன். லாரியின் முகத்துக்கு நேராக வந்ததும் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. இடம், வலம், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிசு. "என்னங்க ஆட்டுது?" என்றாள் மனைவி. மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், காரின் பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை மட்டும் அழுத்தினேன். ட்ரெய்லர் மட்டும் பிரேக் பிடித்து, பின்னாலிருந்து எங்களை இழுத்து நேராக்கியது. அடுத்த எக்ஸிட் வரை யாரும் பேசவில்லை.

என்ன நடந்தது? ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள், பின்பாரம். பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். ட்ரெய்லரிலும் அதேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும். ஹிட்சிலிருந்து என் அச்சுகளின் நடுவுக்கு 13 அடி. போகும்போது முன்பாரம் 480. கார் ஒரு அடி பின்னால் போனதில் 2,300 ÷ 13, அதாவது 177 பவுண்டு குறைந்தது. சக்கரமும் ஜாக்கும் 160 பவுண்டு. அவை அச்சுக்கு 10 அடி முன்னாலிருந்து 5 அடி பின்னால் போய்விட்டன, 160 × 15 ÷ 13, இன்னொரு 185. மிச்சம் 118. மூன்று சதவீதம்கூட இல்லை.

முன்பாரத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். குளியலறைத் தராசு போதும். மூன்றடி இடைவெளியில் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் தராசு, மேலே கனமான பலகை. செங்கலிலிருந்து ஒரு அடி தள்ளி ட்ரெய்லரின் மூக்கை இறக்கினால் தராசு மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். பலகை மட்டும் இருக்கும்போது தராசு காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். தரை சமமாக இருக்கணும், ட்ரெய்லரும் இழுத்துப் போகிற உயரத்திலேயே இருக்கணும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்துடாதீங்க.

மறுவாரமே 480 வரும் இடத்தைத் தராசு வைத்துக் கண்டுபிடித்து, முன்சக்கரம் நிற்கும் இடத்தில் மரக்கட்டையை போல்ட் போட்டு முடுக்கினேன். இனி இருட்டோ அசதியோ, சக்கரம் கட்டையில் முட்டினால்தான் ஸ்ட்ராப்பை எடுப்பேன். டயர் ராக்கில் "திரும்பும்போதும் இங்கேதான்" என்று மஞ்சள் பெயின்டில் எழுதியது மனைவி.