எந்தப் புலி?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

சென்ற பருவத்தில் நூலக வேலை எங்கள் வகுப்பின் பங்காக வந்தது. பழைய நாளிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கட்ட வேண்டும். அடுக்கியதைவிடப் படித்ததே அதிகம், அருட்சகோதரியார் மன்னிப்பாராக! அப்படிப் படிக்கையில் 2022 செப்டம்பர் மாதத்து இதழ் ஒன்று அகப்பட்டது. ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து எட்டுச் சிறுத்தைகள் விமானத்தில் வந்து, மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விடப்பட்டன என்பது செய்தி. உடனே விடுதித் தோழி ஒருத்தி, "சிறுத்தை எங்கள் தாண்டிக்குடி மலையிலேயே இருக்கிறதே! அதை ஏன் விமானத்தில் ஏற்றி வர வேண்டும்?" என்று கேட்டாள். நாங்கள் விழித்தோம்.

தமிழம்மாவிடம் ஓடினோம். விமானத்தில் வந்தது சிறுத்தை அன்று, சிவிங்கி என்றார்கள். அந்தச் சொல்லை எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அகராதியைப் புரட்டினால், இருக்கிறது! தெலுங்கிலும் கன்னடத்திலும்கூடச் 'சிவங்கி' உண்டாம்.

சிறுத்தையின் உடலில் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாகக் கூடியிருக்கும். அது மரமேறும், இரையையும் மேலே இழுத்துச் செல்லும். சிவிங்கிக்கோ மையால் தொட்டு வைத்தாற்போன்ற தனித்தனிப் பொட்டுகள். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த தடம்போல ஒரு கறுப்புக் கோடு. ஓட்டத்தில் அதை வெல்லும் விலங்கு தரையில் இல்லை. முகலாய மன்னர்கள் அதைப் பழக்கி மான் வேட்டைக்கு அழைத்துச் சென்றார்கள்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'சீட்டா'. அது நம் நாட்டுச் சொல்தான் தெரியுமா? புள்ளியுடையது என்னும் பொருள் தரும் வடசொல்லிலிருந்து இந்தியில் 'சீத்தா' வந்தது. அதை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். பெயர் உலகமெங்கும் பரவிற்று. விலங்கோ இங்கே அற்றுப்போயிற்று. 1947இல் கடைசி மூன்றும் இன்றைய சத்தீஸ்கர்ப் பகுதியில் சுடப்பட்டன என்பர். 1952இல் அரசே அது அழிந்துவிட்டதாக அறிவித்தது. விலங்கைக் காணாததால் தமிழர் நாவில் சொல்லும் மங்கியது என்பது எங்கள் எண்ணம். எழுபதாண்டு கழித்து அது திரும்பி வந்தபோது, பெயர் நினைவுக்கு வராமல், பக்கத்து வீட்டுப் பெயரைச் சூட்டிவிட்டோம்! (சில இதழ்கள் 'சிவிங்கிப்புலி' என்று சரியாகவே அச்சிட்டிருந்தன. அவற்றையும் தேடிப் பார்த்தோம்.)

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் 'புலி' என்றால் பெரும்பாலும் சிறுத்தைதான். வரிப்புலிக்கு அங்கே 'கடுவா' என்று பெயர். நம் வீடுகளில் 'கடுவன்' என்றால் ஆண் பூனை! சிறுத்தைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லெப்பர்ட்' என்ற பெயரோ ஒரு தவறிலிருந்தே பிறந்தது. சிங்கமும் 'பார்டு' என்னும் விலங்கும் கூடிப் பிறந்த கலப்பு அது என்று முன்னோர் நம்பி, இரண்டு பெயரையும் ஒட்டிவிட்டார்கள். மெக்சிகோவின் பழங்குடி மொழியில் 'ஓசலோட்டல்' என்பது ஜாகுவாரைக் குறித்தது. இன்று அதே பெயரைச் சுமப்பது வேறொரு சிறிய பூனை.

எங்கள் நாகல் நகர்த் தோழியர் பலர் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுபவர்கள். அதற்கு உறவான குஜராத்தியில் வரிப்புலியை 'வாக்' என்பர். வடமொழி 'வியாக்ர' தேய்ந்து அப்படி ஆயிற்று. தமிழிலோ புலிக்கு வேங்கை என்றும் பெயர். வேங்கை ஒரு மரமும் ஆகும். அதன் மஞ்சள் பூ கரும்பாறைமேல் உதிர்ந்து கிடப்பது புலிபோலத் தோன்றும் என்று சங்கப் புலவர் பாடியிருக்கின்றனர்.

சிவிங்கியைப்போல் மறந்துபோன இன்னொரு பெயர் வெருகு. காட்டுப்பூனைக்குப் பழைய பெயர் அது. அதன் இளமைக்குக் 'குட்டி' என்று பெயர் சொல்லலாம் எனத் தொல்காப்பியம் மரபியலில் விதி இருக்கிறது. சிவிங்கியின் கதைதான் வெருகுக்கும் என்று சொல்ல முடியவில்லை. வயலோரத்தில் காட்டுப்பூனை இன்றும் திரிகிறது; பெயர் மட்டுமே போய்விட்டது.

விடுமுறைக்குச் சென்ற தாண்டிக்குடித் தோழி இவற்றையெல்லாம் தன் பாட்டியிடம் விளக்கினாளாம். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுவா இருந்தா என்னடி, ஆட்டைப் பிடிச்சு உள்ள கட்டு" என்றாராம்.