வெப்பமானியில் ஒளிந்த பங்கசு

மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத பங்கசு ஒன்று வைத்தியசாலைகளிற் பரவி வருகின்றது. கந்திடா ஓரிசு என்னும் அது, 2009 ஆம் ஆண்டில் யப்பானிய நோயாளி ஒருவரின் காதிலிருந்து பெறப்பட்டு முதன்முதலாக விவரிக்கப்பட்டது. தோலிலே யாதொரு குறியுங் காட்டாது தங்கும். குருதியிற் புகுந்தாலோ உயிருக்கே கேடு.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரிலே 2015 முதல் 2017 வரை நோயாளர் 70 பேரிடம் இது காணப்பட்டது. அவருட் பெரும்பாலார் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோர். தடுப்பு முறைகள் பல கையாண்டும் பரவல் நிற்கவில்லை. ஆராய்ந்தபொழுது, அறையின் பொதுவிடங்களில் அது அரிதாகவே கிடைத்தது; அக்குளில் வைத்து, ஒருவர்பின் ஒருவருக்கு உபயோகித்த வெப்பமானிகளிலேயே ஒட்டியிருந்தது! புதுமருந்தையே நாடும் நாம் இச்சிறு கருவியை ஐயுற்றிருப்போமா? அவற்றை அகற்றிய பின்னரே புதுத்தொற்றுக் குறைந்தது.

இன்று பல வைத்தியசாலைகளில், ஐயத்துக்குரிய நோயாளர் வந்தவுடனே அவர்தம் அக்குளைப் பஞ்சுக்கோலால் ஒற்றிச் சோதிக்கின்றனர்.